இறக்கைத் துணியை முதலில் உரியுங்கள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள ஓர் ஊரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்தவர். அறுவடை இயந்திரம், டிராக்டர் பழுதுபார்க்கும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

“ஐயா, மூன்று வருடமாக எங்கள் பழைய நெல் கிட்டங்கியில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிவருகிறேன். வரைபடம் அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கியது. உடற்கூடு இரும்புக் குழாய். வெல்டிங் நானே வைத்தேன். இறக்கை மரம், துணி போர்த்திப் பூச்சும் அடித்தாகிவிட்டது. என்ஜின் பழைய வேன் ஒன்றினுடையது. சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. யாரிடம் விண்ணப்பிப்பது? கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும் என்கிறார் மாமா. தாளடி அறுப்பு முடிந்ததும் எங்கள் வயலிலேயே 50 அடி உயரத்தில் ஓட்டிப் பார்க்கலாமா? ட்ரோன் விடுகிறவர்களை யாரும் கேட்பதில்லையே. பிற்பாடு நெல்லுக்கு மருந்து தெளிக்க வாடகைக்கு விடும் யோசனையும் உண்டு. தொலைக்காட்சிக்காரர்கள் படமெடுக்க வருகிறோம் என்கிறார்கள். வரச் சொல்லவா?”

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது பொறாமைதான் வந்தது. 34 வருடம் அடுத்தவர் கட்டிய விமானங்களைக் கழற்றி மாட்டியவன் நான். சொந்தமாக இறக்கையின் ஒரு விலாவைக்கூடச் செய்து பார்த்ததில்லை. இரண்டாம் முறை படித்தபோது “சான்றிதழ் மட்டும்தான் பாக்கி” என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

வீடு கட்டுகிறவர் மேல்தளக் கான்கிரீட்டைக் கொட்டி முடித்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டு, “கம்பி சரியாகக் கட்டியிருக்கிறேனா, வந்து பாருங்கள்” என்று பொறியாளரைக் கூப்பிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? உங்கள் இறக்கை இன்று அந்த நிலையில் இருக்கிறது. உள்ளே முதுகெலும்பாக ஓடும் ஸ்பார், அதில் விலாக்களை ஒட்டிய பசை, கேபிள் ஓடும் கப்பிகள், போல்ட்டுகள் எல்லாம் துணிக்குள் ஒளிந்துவிட்டன. தன் கண் படாத எதற்கும் எந்தப் பரிசோதகரும் கையெழுத்துப் போடமாட்டார். போடுகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆகவே முதல் வேலை, அந்தத் துணியை உரிப்பது. வயிறு எரியும், தெரிகிறது. துணிக்கும் பூச்சுக்கும் என்ன செலவாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் உரியுங்கள். அதற்கு முன் இந்தச் சான்றிதழ் என்ன வகையறா என்று சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் செய்யும் விமானத்துக்கு இரண்டு படிகள். முதலில் அந்த வடிவமைப்புக்கே ஒரு சான்று. பல வருடச் சோதனைக்குப் பிறகு, இந்த மாதிரி விமானம் இன்னின்ன விதிகளுக்குப் பொருந்துகிறது என்று அரசு ஒப்புக்கொள்கிறது. பிறகு அதே அச்சில் வெளிவரும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பறப்புத் தகுதிச் சான்று. உங்கள் விமானத்துக்கு அந்த முதல் படியே கிடையாது. அதே வரைபடத்தை வைத்து உலகில் நூறு பேர் கட்டியிருந்தாலும், நூறும் நூறு விதமான கைவேலை. அதனால் இவற்றுக்கு முழுச் சான்று தருவதில்லை. வரம்புகள் விதித்து, சோதனை நிலை என்றோ பறப்பு அனுமதி என்றோ வேறு பெயரில் ஒரு காகிதம் தருகிறார்கள்.

இதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே வீட்டில் கட்டுகிறவர்களுக்கு 1953 முதலே ஒரு சங்கம் இருக்கிறது. உங்கள் வரைபடமும் அந்த ஊர்ப் பழக்கத்தை மனத்தில் வைத்து வரைந்ததுதான். அங்கே விதி இப்படி: விமானத்தின் பெரும்பகுதியை, படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இறங்கிய ஆட்கள் தாங்களே செய்து பூட்டியிருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். என்ஜின், புரொப்பெல்லர், சக்கரம், பிரேக், கருவிகள் ஆகியவற்றை நீங்களே வார்க்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெயின்ட் அடித்ததும் இருக்கை தைத்ததும் கணக்கில் சேராது. விலா செய்தது, ஸ்பார் பூட்டியது, கட்டுப்பாட்டுக் கேபிள் இழுத்தது என்று வேலை வேலையாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் யார் செய்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்த பகுதி உங்கள் கணக்கில் ஏறாது. உங்கள் விஷயத்தில் இது கவலையே இல்லை. அத்தனையும் உங்கள் கை.

அந்தக் காகிதம் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த விமானம் பாதுகாப்பானது என்று அது சொல்வதில்லை. அதனால்தான் அங்கே இத்தகைய விமானத்தில் ஏறும் வாசலருகே ‘சோதனை நிலை’ என்று குறைந்தது இரண்டு அங்குல எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். உள்ளே, பயணியின் கண்ணில் படும்படி இன்னொரு பலகை: இது தனிநபர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாதது என்று. பக்கத்து இருக்கையில் அமரப்போகும் உங்கள் மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

இனி நம் ஊர். கலெக்டருக்கு இதில் வேலையில்லை. கேட்கவேண்டிய இடம் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். தலைமையகம் டெல்லியில், மண்டல அலுவலகம் சென்னையில். 1934ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2024ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அடிப்படை 1937ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது. ஐந்தாவது விதி: பதிவு செய்து, பதிவு எழுத்துகளை உடலில் தாங்காத விமானத்தை யாரும் பறக்கவிடக் கூடாது. நம் நாட்டுக்கான எழுத்து விடி (VT). ஆறாவது விதி, ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும் என்பது. 50 அடிக்குக் கீழே பரவாயில்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அது பறத்தல். ட்ரோனோடு இதை ஒப்பிடவேண்டாம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் ஆள் ஏறாத பொருளுக்கானவை. நீங்கள் ஏறி உட்கார்ந்த நொடியில் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மும்பையில் காந்திவலி அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார் கேப்டன் அமோல் யாதவ். அவர் தொழிலாலேயே விமானி. 2011இல் விண்ணப்பித்தார். பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறப்பதற்கான அனுமதி 2019 அக்டோபரில். விமானத்தை மகாராஷ்டிரத்தின் துலேவுக்குக் கொண்டுபோய்ச் சோதனைப் பறப்பு நடத்தியது 2020 ஆகஸ்டில். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் குழாயை அறுக்கும் முன்பே போயிருக்கவேண்டிய கடிதம் ஒன்றை நீங்கள் இன்னும் எழுதவில்லை, அதற்காகச் சொல்கிறேன். இந்த வாரமே எழுதுங்கள். வரைபடம் எது, இதுவரை என்ன முடிந்தது, எந்தெந்தக் கட்டத்தில் வந்து பார்க்கிறீர்கள், எந்த வகைமையில் பதிவுசெய்வது என்று கேளுங்கள். பதில் வரும்வரை புதிதாக எதையும் மூடாதீர்கள்.

இங்கிலாந்தில் குடியேறிய கேரளப் பொறியாளர் அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் நான்கு பேர் அமரும் விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிய செய்தியை 2022இல் பார்த்திருப்பீர்கள். அது உதிரிகளை மொத்தமாக வாங்கிப் பூட்டும் வகை. அந்த நாட்டு வழக்கப்படி பரிசோதகர் கட்டத்துக்குக் கட்டம் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த கட்டம் முந்தையதை மறைத்துவிடும் என்றால், மறைக்கும் முன் அவர் வந்தாக வேண்டும்.

துணியை உரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

மர இறக்கையில் என்னைப் பயமுறுத்துவது பசை. உங்கள் கிட்டங்கி வாய்க்கால் ஓரத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் ஒட்டிய இணைப்பு எது, மாசி வெயிலில் ஒட்டியது எது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே மரத்துண்டு இரண்டை அதே பசையால் ஒட்டி, தேதி எழுதி வைத்து, காய்ந்தபின் உளியால் பிளந்து பார்ப்பது வழக்கம். மரம் பிய்ந்தால் பசை நல்லது. பசைக் கோட்டிலேயே வழுக்கிப் பிரிந்தால் அன்றைய தேதியில் ஒட்டிய எல்லாமே சந்தேகம். அப்படித் துண்டுகள் இல்லையென்றால், செய்து மீந்துபோன விலா ஒன்றையாவது பிளந்து பாருங்கள்.

மரம் நன்றாக இருந்தால் சுமைச் சோதனை. இதற்கு உங்கள் ஊரில் எல்லாம் தயாராகவே இருக்கிறது. சாதாரணச் சிறுவிமானத்தின் இறக்கை, விமானத்தின் முழு எடையைப்போல் 3.8 மடங்கைத் தாங்கவேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. உங்கள் விமானம் ஆட்களோடு 440 கிலோ என்றால் 1,672 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ மூட்டைக் கணக்கில் ஏறக்குறைய 42 மூட்டை. பறக்கும்போது காற்று கீழிருந்து தூக்கும் அல்லவா, அதனால் இறக்கைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டி, வரைபடத்தில் சொன்ன பங்கீட்டின்படி, உடலோடு சேரும் பக்கம் அதிகம், நுனிப்பக்கம் குறைவு என்று இரண்டு பக்கமும் சமமாக மூட்டைகளை அடுக்கவேண்டும். இறக்கையின் சொந்த எடையைக் கழித்துக்கொள்ளலாம். மூட்டையை இறக்கியதும் இறக்கை பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும். ஒரு விரற்கடை தொங்கி நின்றுவிட்டாலும் அது பறக்காது. அதற்கும் மேலே ஒன்றரை மடங்கு, அதாவது 63 மூட்டை, உடையாமல் மூன்று நொடி நிற்கவேண்டும் என்பது உச்ச வரம்பு. அந்த அளவுக்கு ஏற்றிப் பார்த்த இறக்கையை நான் பறக்க அனுமதிக்கமாட்டேன். உச்சச் சோதனைக்கு வேறொரு இறக்கை செய்யவேண்டும். பெரும்பாலோர் முதல் அளவோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்துக்கு வரைபடக்காரரின் கணக்கை நம்புகிறார்கள்.

அடுத்தது வெல்டிங். நீங்கள் அறுவடை இயந்திரத்துக்கு வைக்கும் ஒட்டு விடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழாய் எது? வரைபடம் குரோம், மாலிப்டினம் கலந்த விமானத்தர எஃகைக் கேட்டிருக்கும். கடிதத்தில் “இரும்புக் குழாய்” என்று மட்டும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. கேட்டுக்கும் கொட்டகைக்கும் போடும் குழாய் என்றால், ஒளிக்காமல் சொல்லுங்கள். பரிசோதகர் முதலில் கேட்பது குழாயை அல்ல, குழாயின் பில்லையும் அதோடு வந்த தரச்சான்றையும். பில் இல்லாத குழாய் அவர் கணக்கில் கேட்டுக் குழாய்தான். போல்ட்டும் அப்படியே. கும்பகோணத்து ஹார்டுவேர் கடையில் பளபளக்கும் போல்ட் பார்வைக்கு அசல்போலவே இருக்கும். இறக்கையை உடலோடு பூட்டும் நான்கு இடத்திலாவது விமானத்தர போல்ட்டைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

இந்த மூன்று வருடத்தில் எடுத்த படங்கள் கைபேசியில் கிடக்கும். அத்தனையையும் தேதிவாரியாக எடுத்து ஒரு நோட்டில் ஒட்டுங்கள். உங்கள் கை தெரியும்படியான படம் இருந்தால் அதற்கு முதல் இடம். அமெரிக்காவில் ‘பில்டர்ஸ் லாக்’ என்பார்கள். இந்த நோட்டு தடிமனாக இருக்கிற அளவுக்குப் பரிசோதகரின் முகம் இளகும். அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ஜினுக்கு வருவோம். வேன் என்ஜினை வைப்பது குற்றமில்லை. உலகம் முழுக்க வைக்கிறார்கள். விமான என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு, பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு தனித்தனி மேக்னட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். வேன் என்ஜின் ஒரே பேட்டரி, ஒரே மின்சுற்று. ரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளலாம். அமெரிக்க விதி இந்த வித்தியாசத்தை மணிக்கணக்காக்கி வைத்திருக்கிறது: சான்று பெற்ற என்ஜினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் முதல் கட்டச் சோதனைப் பறப்பு 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அந்த 40 மணி நேரமும் ஆள் நடமாட்டம் குறைந்த, முன்பே குறித்துக்கொடுத்த பகுதிக்குள்தான்; ஓட்டுவதற்குத் தேவைப்படும் ஆளைத் தவிர யாரும் ஏறக் கூடாது. அண்மையில் மணிக்கணக்குக்குப் பதிலாக, இன்னின்ன சோதனைகளை முடித்தால் போதும் என்ற வழியையும் திறந்திருக்கிறார்கள்.

எரிபொருள் குழாயை நீங்களே இன்று சாயங்காலம் சோதித்துவிடலாம். ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி முட்டுக்கொடுங்கள். டேங்கில் குறைவாகவே பெட்ரோல் இருக்கட்டும். கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் குழாயைக் கழற்றி ஓர் அளவுக் குவளையில் பிடியுங்கள். முழு வேகத்தில் என்ஜின் மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் என்றால், தானாக இறங்கும் குழாயில் அதைப்போல் ஒன்றரை மடங்கு வரவேண்டும்: 36 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 600 மில்லி. பம்பு வைத்திருந்தால் ஒன்றேகால் மடங்கு, 500 மில்லி. குறைந்தால் எங்கோ குழாய் நெளிந்திருக்கிறது, அல்லது டேங்குக்குக் காற்று போக வழியில்லை. பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். சிலவகை ரப்பரையும் ஃபைபர் டேங்கின் பிசினையும் ஊறவைத்துக் கரைக்கும். டேங்க் எதில் செய்தது என்று நீங்கள் எழுதவில்லை.

வரைபடத்தை மீறி எதையாவது இடம் மாற்றியிருக்கிறீர்களா? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது, வேறொருவர் கட்டி, அவர் புதிதாக வாங்கியிருந்த விமானம். வரைபடத்தின்படி டேங்க் மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கவேண்டும். கட்டியவர் பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வரவேண்டாம் என்று எண்ணி, அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். பறக்கும்போது அதைத் திருகுவதற்கு உடம்பையே திருப்பவேண்டும். திரும்பினால் வலது கால், வால் சுக்கானைத் திருப்பும் ரடர் பெடலை மிதித்துவிடும். விசாரணை அறிக்கை அந்த இடமாற்றத்தையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. கட்டியவரின் யோசனை நல்ல யோசனைதான். அவர் அதை வடிவமைத்தவரிடம் கேட்டிருக்கலாம்.

எடை. லாரி எடைமேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது ஐந்து, பத்து கிலோ தாவும். மூன்று மின்னணுத் தராசு போதும், சக்கரத்துக்கு ஒன்று. விமானம் மட்டமாக நிற்கவேண்டும், காற்று வராத அறையாக இருக்கவேண்டும். ஓர் உதாரணம் போடுகிறேன். மூக்குச் சக்கரத்தில் 60 கிலோ, பின்சக்கரங்களில் 120, 120. மூக்கின் நுனியிலிருந்து முதல் சக்கரம் 60 செ.மீ., மற்றவை 190 செ.மீ. ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 49,200. அதை 300 கிலோவால் வகுத்தால் எடையின் நடுப்புள்ளி 164 செ.மீட்டரில். எழுபது கிலோ ஆட்கள் இருவர் 180 செ.மீட்டரில் உட்கார்ந்தால் அது 169க்கு நகரும். வரைபடம் 160 முதல் 172 வரை அனுமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லது. இப்போது பின்னால் 240 செ.மீட்டரில் 20 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் போடுங்கள்: 172.2. வரம்பு தாண்டியாயிற்று. வால் கனத்த விமானம் எழும்பும், மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். கட்டுப்பாட்டுக் குச்சியை எவ்வளவு முன்னே தள்ளினாலும் இறங்காது. பெயின்ட் அடித்தபிறகு மறுபடியும் எடை போடுங்கள். அதன் கனம் எல்லோரையும் ஏமாற்றும்.

கட்டுப்பாட்டுக் கேபிள்களுக்கு வருகிறேன், எனக்கு இதில் ஒரு தழும்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், ஒரு பயிற்சிப் பள்ளியின் சிறுவிமானத்துக்குக் கேபிள் மாற்றினோம். கேபிளை முறுக்கி இழுக்கும் டர்ன்பக்கிளை இறுக்கி, அது கழலாமலிருக்க லாக் ஒயர் சுற்றி, மரை மூன்றுக்கு மேல் வெளியே தெரியவில்லை என்று எண்ணி, எல்லாம் ஒழுங்கு. கட்டுப்பாட்டுக் குச்சியை இடமும் வலமும் அசைத்தேன். இரண்டு பக்கமும் ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை, தாராளமாக ஆடியது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். எங்கள் மூத்த பொறியாளர் ஒன்றும் பேசாமல் குச்சியைப் பிடித்து, கட்டைவிரலை மேலே நீட்டிக்கொண்டு இடப்பக்கம் சாய்த்தார். “விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து ஏலரான் மேலே போகவேண்டும், பார்” என்றார். கீழே போயிற்று. இரண்டு கேபிளும் இடம் மாறியிருந்தன. தாராளமாக ஆடுகிறதா என்று பார்த்தேனே ஒழிய, சரியான பக்கம் ஆடுகிறதா என்று பார்க்கவில்லை. அன்று முதல் எந்த விமானத்தருகே போனாலும் என் கட்டைவிரல் தானாக நீண்டுவிடும். உங்கள் விமானத்துக்கும் செய்யுங்கள். கேபிளைப் பூட்டாத வேறொரு ஆளைக்கொண்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனை நாளில் என்ஜின் மூடி கழற்றியிருக்கவேண்டும், இருக்கைகள் வெளியே எடுத்திருக்கவேண்டும், திறக்கக்கூடிய எல்லா மூடிகளும் திறந்திருக்கவேண்டும். மேசையில் நோட்டு, பில்கள், எடைக்கணக்கு, விண்ணப்பம். அப்படி வைத்திருந்தால் வந்தவர் அரை நாளில் வேலையை முடித்துவிடுவார்.

உங்களிடம் விமானி உரிமம் இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, 17 வயது, மருத்துவத் தகுதி வேண்டும். அது முடிந்தாலும் முதல் பறப்பு உங்களுடையதாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012இல் இத்தகைய விமானங்களை ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் முன்னே நின்றன: என்ஜின் நின்றுபோவது, விமானி கட்டுப்பாட்டை இழப்பது. விபத்துகள் குவிந்திருந்தது ஆரம்பப் பறப்புகளில். பழைய விமானத்தை வாங்கியவரின் முதல் பறப்பும் அதில் சேரும். புதிய விமானமும் புதிய விமானியும் ஒரே நாளில் சேரக் கூடாது.

வயல் வேண்டாம். அறுப்பு முடிந்த களிமண் நிலம் எப்படி வெடித்திருக்கும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சக்கரம் ஒரு வெடிப்பில் இறங்கினால் அங்கேயே மூக்குக் குத்தும். வரப்பு, பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி, டிராக்டர் பின்னால் திரியும் கொக்குக் கூட்டம் எல்லாம் இருக்கட்டும். உங்கள் வயலிலிருந்து அதிக தூரமில்லை, தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய் 30 போர்விமானப் பிரிவு நிற்கிறது. அந்த வானத்தில் பதிவில்லாத பொருள் ஒன்று எழும்பினால் விசாரிக்க வருகிறவர்கள் நீடாமங்கலம் காவல் நிலையத்தோடு நிற்கமாட்டார்கள். யாதவ் துலேவுக்குப் போனதுபோல நீங்களும் லாரியில் ஏற்றி, அனுமதித்த ஓடுதளம் ஒன்றுக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். இறக்கையைக் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

மருந்து தெளிக்க வாடகைக்கு விடுவது நடக்காது. படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கட்டியது என்று சொல்லி வாங்கும் காகிதத்தை வைத்துக்கொண்டு காசு வாங்க முடியாது. அமெரிக்காவிலும் இவற்றைக் கூலிக்கு ஓட்டத் தடைதான். அந்த வேலையைத்தான் டெல்டாவில் இப்போது ட்ரோன்கள் செய்கின்றனவே.

கிட்டங்கி என்பதால் எலி. துணியை உரித்ததும் உள்ளே கூடு இருக்கிறதா, ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரம் அலுமினியத்தையும் அரிக்கும். வேகமானிக்குக் காற்றுப் பிடிக்கும் பிட்டாட் குழாய் ஒன்று இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் வாய்க்குச் சிவப்புத் துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள். சரியாக ஒரு குளவி நுழையும் அளவு துளை அது. மண்ணைக் கொண்டுவந்து பூசிவிட்டால், ஓடுதளத்தில் முழு வேகத்தில் ஓடும்போது முள் பூஜ்யத்திலேயே நிற்கும்.

தொலைக்காட்சிக்காரர்களை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஜிசிஏக்கு உங்கள் கடிதம் போகும் முன் உங்கள் விமானம் திரைக்குப் போவது அழகல்ல. துணியை உரித்தபின் ஸ்பாரும் விலாவும் சேரும் இடங்களை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். வெல்டிங்கில் எஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றையும் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தைப் படமெடுங்கள். பில் இருந்தால் அதையும்.